ஆய்வெழுத்துக்கு மூன்று இலவசப் பாடநூல்கள்: எது யாருக்கு?

முனைவர் பட்ட ஸ்காலர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய வரைவுகளைப் படிப்பது என் வேலையில் பாதி. அவற்றில் திரும்பத் திரும்ப ஒரு வாக்கியம் வரும்: "இத்தலைப்பில் இம்மாவட்டத்தில் இதுவரை ஆய்வு எதுவும் மேற்கொள்ளப்படவில்லை, எனவே இவ்வாய்வு தேவையாகிறது." சினாப்சிஸில் (ஆய்வேட்டுச் சுருக்கத்தில்) இருக்கும், முதல் இயலில் இருக்கும், ஜர்னலுக்கு அனுப்பும் பேப்பரிலும் இருக்கும். பேப்பர் திரும்பி வரும்போது, மதிப்பீட்டாளர் கேள்வி எழுப்பியிருப்பதும் பல சமயம் அந்த இடத்தில்தான்.

ஸ்காலர்களுக்கு எந்தத் திறந்தநிலைப் பாடநூலை, அதாவது யாரும் இலவசமாகப் படித்துப் பகிரக்கூடிய நூலைக் கொடுப்பது என்று முடிவு செய்ய, அந்த வாக்கியத்தையே உரைகல்லாக வைத்துக்கொண்டேன். மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன் டெக்ஸ்ட்புக் லைப்ரரியில் பேராசிரியர்கள் 10 அளவுகோல்களை வைத்து நூல்களை மதிப்பிடுகிறார்கள். விரிவு, துல்லியம், தெளிவு, தனித்தனியாகப் பிரித்துப் பாடம் நடத்த முடிகிறதா, பண்பாட்டுப் பொருத்தம் என்று பட்டியல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 5க்கு எத்தனை நட்சத்திரம் என்ற சராசரி, கையில் பாதி எழுதிய பேப்பரோடு நிற்கும் ஒருவருக்கு எதையும் சொல்வதில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது, தான் சிக்கி நிற்கும் பத்தியை இந்தப் புத்தகம் நகர்த்துமா என்பது மட்டும்தான்.

எடுத்துக்கொண்டவை மூன்று. ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 'ப்ரிப்பேரிங் டு பப்ளிஷ்', ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தின் 'சூசிங் அண்ட் யூசிங் சோர்சஸ்', அனோல் பட்டாச்சார்ஜி 2012இல் வெளியிட்ட 'சோஷியல் சயின்ஸ் ரிசர்ச்'.

கடைசியாகச் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். நம் சமூக அறிவியல் ஸ்காலர்களுக்கு நன்றாகப் பொருந்தும் நூல் அது. 16 இயல்கள், கச்சிதமான பேச்சு. கோட்பாட்டிலிருந்து தொடங்கி சர்வே, மாதிரி எடுத்தல், அளவுகோலின் நம்பகத்தன்மை, புள்ளியியல், ஆய்வு நெறி வரை போகிறது. கோர்ஸ்வொர்க்கில் மெத்தடாலஜி தாளுக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான இலவச நூலை நான் பயன்படுத்தியதில்லை. ஆனால் இது ஆய்வு செய்யக் கற்றுத்தரும் நூல். எழுதக் கற்றுத்தருவது இதன் நோக்கம் அல்ல. 'இம்மாவட்டத்தில் ஆய்வு இல்லை' என்ற வாக்கியத்தோடு இதைத் திறந்தால், ஆய்வுக் கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று புரியும். அதைப் பத்தியாக்குவது நம் பாடு.

ஐயோவா நூல் நேராக அந்தப் பத்திக்குள் இறங்குகிறது. பின்னணியில் இருப்பது மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் முழுமைப்படுத்திய பார்வை. ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையில் எழுதுபவர் மூன்று வேலைகளைச் செய்கிறார்: ஒரு நிலப்பரப்பைக் காட்டுகிறார், அதில் காலியாகக் கிடக்கும் இடத்தைச் சுட்டுகிறார், அந்த இடத்தில் தான் குடியேறுகிறார். ஐயோவா நூல் இதை முன்னுரையோடு விடாமல் முறையியல், முடிவுகள், விவாதம் ஆகிய பகுதிகளுக்கும் கொண்டுபோகிறது. எந்தப் பகுதியில் என்ன நோக்கம், அதை எந்த வழிகளில் நிறைவேற்றலாம் என்று காட்டுகிறது.

இதில் நம்மவர்களுக்குக் கிடைக்கும் பெரிய உதவி, 'கேப்', அதாவது முந்தைய ஆய்வுகள் விட்டுவைத்த காலியிடம், ஒரே வகை இல்லை என்று தெரிவது. ஸ்வேல்ஸே நான்கு வழிகளைச் சொன்னார்: முந்தைய முடிவை மறுக்கலாம், இடைவெளியைக் காட்டலாம், கேள்வி எழுப்பலாம், ஒரு மரபைத் தொடரலாம். நாம் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் மாவட்டத்தின் பெயராகச் சுருக்கிவிட்டோம். நாகப்பட்டினம் மீனவக் குடும்பத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுக் கடன் ஒரு தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நாகப்பட்டினத்தில் யாரும் செய்யவில்லை' என்பது காரணமே ஆகாது. அரியலூரிலும்தான் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. விசைப்படகை நம்பியிருக்கும் வீட்டில் அந்த இரண்டு மாதமும் வருமானம் நின்றுபோகும், தவணை நிற்காது. மாதாமாதம் சீராக வருமானம் வரும் குடும்பங்களை வைத்து முன்பு எட்டிய முடிவு இங்கே செல்லுமா? இப்போது அது கேள்வி எழுப்பும் முன்னுரை ஆகிவிடுகிறது. மாவட்டத்தின் பெயர் அலங்காரமாக நிற்காமல் காரணமாகிறது. இந்த ஒரு மாற்றத்தைக் கையைப் பிடித்துச் செய்ய வைக்கும் நூல் மூன்றில் ஐயோவாதான்.

குறையும் உண்டு. ஆங்கிலத்தில் ஜர்னல் கட்டுரை எழுதுபவருக்கான நூல் இது. தமிழ் இலக்கிய ஆய்வேடு எழுதுபவருக்கு முன்னுரை, முறையியல், முடிவு, விவாதம் என்ற கட்டம் அப்படியே பொருந்தாது. இன்னொன்று, நோக்கங்களையும் வழிகளையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து நிரப்பும் ஆபத்து. சில ஸ்காலர்கள் அப்படியே நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எல்லா வேலையும் செய்யப்பட்டிருக்கும், சொல்ல ஒன்றும் இருக்காது.

இதே வழியில் காசு கொடுத்து வாங்கும் நூல் ஒன்றும் இருக்கிறது. ஸ்வேல்ஸும் கிறிஸ்டீன் ஃபீக்கும் எழுதி மிச்சிகன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'அகடமிக் ரைட்டிங் ஃபார் கிராஜுவேட் ஸ்டூடன்ட்ஸ்', 2012இல் மூன்றாம் பதிப்பு. பயிற்சிகள் அதில் கூடுதல் ஆழம், மறுக்க மாட்டேன். நூலகத்தில் ஒரு பிரதி இருந்தால் படியுங்கள். ஆனால் அதை நகலெடுத்து 20 பேருக்குக் கொடுக்கவோ நம் எடுத்துக்காட்டைச் செருகவோ உரிமை இல்லை.

ஓஹையோ நூல் இளநிலை மாணவருக்காக எழுதப்பட்டது என்பதால் நான் அதைக் கொஞ்சம் அலட்சியமாகத்தான் திறந்தேன். 13ஆம் இயல் என் எண்ணத்தை மாற்றிவிட்டது. படித்த நூல்களுக்கு உன் எழுத்தில் என்ன வேலை என்று அது கேட்கிறது. பின்னணி தருகிறதா, சான்றாக நிற்கிறதா, நீ பதில் சொல்ல வேண்டிய வாதமா, நீ கையாளும் முறையைத் தந்ததா? நம் 'ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சர்' இயல்களை நினைத்துப் பாருங்கள். இன்னார் 2009இல் ஆராய்ந்தார், இன்னார் 2011இல் ஆராய்ந்தார் என்று 60 பத்திகள், ஆண்டு வரிசையில். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் இந்த நான்கில் எது என்று பென்சிலால் குறிக்கச் சொன்னால், எந்த வேலையும் இல்லாத பத்திகள் தாமாகவே தெரிந்துவிடும். உண்மையான 'கேப்' பெரும்பாலும் 'வாதம்' என்று குறித்தவற்றுக்கு நடுவில்தான் இருக்கும்.

பண்பாட்டுப் பொருத்தத்தில் மூன்றில் இதுதான் தூரமாக நிற்கிறது. 'ஃபேர் யூஸ்' (அனுமதி கேட்காமல் நியாயமாக எடுத்தாளுதல்) என்ற 12ஆம் இயல் அமெரிக்கச் சட்டத்தைப் பேசுகிறது. நமக்கு அது செல்லாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுதான் நமக்கு. அந்த இயலைத் தாண்டிவிடுங்கள்.

சரி, உரிமம். ஓஹையோ நூலுக்குப் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். பட்டாச்சார்ஜியின் நூலில் வணிகம் கூடாது, மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். வகுப்புக் குறிப்பாகத் தமிழில் தர அது தடையில்லை, கைடு போடும் பதிப்பகத்துக்குக் கொடுக்க முடியாது. ஒன்றை மட்டும் ஸ்காலர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. திறந்த உரிமம் என்பது ஆய்வேட்டில் ஒட்டிக்கொள்ள அனுமதி அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத்தான் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் திருத்தி மீண்டும் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இலவச நூலிலிருந்து எடுத்தாலும் மேற்கோள் இல்லாவிட்டால் களவுதான்.

என் தேர்வு இப்படி: தலைப்பு தேடும் முதல் ஆண்டில் ஓஹையோ, சமூக அறிவியல் என்றால் அதோடு பட்டாச்சார்ஜி. தரவு கைக்கு வந்து பேப்பர் எழுத உட்காரும் நாளில் ஐயோவா, அதுவும் முழுதாக வேண்டாம், எழுதும் பகுதிக்குரிய இயல் மட்டும். ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் என்பவருக்கு ஐயோவா.

தமிழில் கொண்டுவர நான் எடுத்திருப்பது ஓஹையோவின் அந்த 13ஆம் இயலை. 'பின்னணி', 'சான்று', 'முறை' மூன்றும் எளிதாக உட்கார்ந்துவிட்டன. 'வாதம்' என்று போட்டதை மட்டும் ஸ்காலர்கள் 'ஆய்வாளரின் கருத்து' என்று புரிந்துகொண்டார்கள். இப்போதைக்கு 'பதில் சொல்ல வேண்டியது' என்று மாற்றி வைத்திருக்கிறேன்.