லிஸ்பனில் அம்மாவோடு மூன்று இரவு

மட்டக்களப்புக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவள் நான். 1628இல் அதைக் கட்டின போர்த்துக்கேயரின் ஊரை ஒருக்கா பார்க்க வேணும் என்று கனநாள் ஆசை. லிஸ்பனில், அல்ஃபாமா மேட்டில் இருக்கிற ஒரு சின்ன ஹோட்டலில் அம்மாவோடு தங்கினேன்.

அறை சிறிசு, ஆனால் அவ்வளவு அழகு. கட்டிலின் தலைமாட்டுச் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாய்ப் பழைய அசுலேஜு ஓடுகள். ஒன்றின் விளிம்பு உடைந்திருந்தது. மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. யன்னலைத் திறந்தால் தேஜோ ஆறு. “எங்கட வாவி மாதிரித்தான் பிள்ள, தோணி ஒண்டையும் காணல்ல” என்றா அம்மா.

லிப்ட் இல்லை. மூன்றாம் மாடிக்கு வளைந்த மரப்படி. முழங்கால் வலியோடு அம்மா ஏறப் பட்ட பாட்டில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. பதிவு செய்யும்போதே சொல்லியிருக்க வேண்டும். வரவேற்பில் நின்ற பிள்ளை அடுத்த நாளே முதலாம் மாடிக்கு மாற்றித் தந்தாள்.

காலையில் சூடான பாஸ்தெல் த நாத்தா என்கிற முட்டைக் கஸ்டர்ட் பேஸ்ட்ரி, மேலே கறுவாத்தூள். வாசத்திலேயே அம்மா கண்டுபிடித்தா; இரண்டாவதும் எடுத்தா. ஆளுக்கு இரவுக்கு 4 யூரோ நகரவரி தனியாக வரும். வயதானவர்களோடு போறவர்கள் கீழ்மாடி அறையை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.