மார்கரெட் ரிவர்: காலையில் கடல், பகலில் ஒயின், இருட்டும் முன் அறை

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து, தெற்கே ஒயினுக்குப் பெயர்பெற்ற மார்கரெட் ரிவர் வட்டாரத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று விற்கும் சுற்றுலாக்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். தூரம் சுமார் 270 கிலோமீட்டர். ஃபாரஸ்ட் நெடுஞ்சாலை, பிறகு பஸ்ஸல் நெடுஞ்சாலை என்று நிற்காமல் ஓட்டினாலே போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஒயின் சுவைக்கும் கூடங்கள் (ஊரில் எல்லோரும் சொல்வது செல்லர் டோர்) பெரும்பாலும் காலை 10 முதல் மாலை 5 வரைதான். கடைசிச் சுற்று நாலரைக்கே முடிந்துவிடும். மிச்சமிருக்கும் நாலு மணி நேரத்தில் இரண்டு தோட்டம், ஒரு குகை, ஒரு கடற்கரை என்று அடுக்கினால், எல்லா இடத்திலும் வாகன நிறுத்தத்தைத்தான் நன்றாகப் பார்ப்பீர்கள். மூன்று இரவு தங்கினால் இந்த வட்டாரத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். ஒரு நாள் பயணத்துக்கு இரண்டு கூட அதிகம்.

வடக்கே கேப் நேச்சுரலிஸ்ட், தெற்கே கேப் லூவின். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேட்டு நிலம், மேற்கே இந்தியப் பெருங்கடல். கடலை ஒட்டிப் போகும் கேவ்ஸ் ரோடுதான் முதுகெலும்பு. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் தெரியும், ஆனால் அந்தச் சாலை வளைந்து வளைந்து மரங்களுக்குள் போகிறது. அதனால் பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு நாள் வடக்கு: டன்ஸ்பரோ, யாலிங்கப், வில்யாப்ரப். இன்னொரு நாள் தெற்கு: மார்கரெட் ரிவர் ஊர், விட்ச்கிளிஃப், போரனப் காடு, ஹாமலின் பே, அகஸ்டா. ஒரே நாளில் வடக்கும் தெற்கும் போக நினைத்தால் நாள் முழுக்கக் காரிலேயே போய்விடும்.

எப்போது போவது? எங்கள் தேர்வு மார்ச். பள்ளி விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும், காற்றின் கடுமை குறைந்திருக்கும், கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். திராட்சை அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடப்பதால் தோட்டத்தில் வேலையையும் பார்க்கலாம். செப்டம்பர், அக்டோபரில் காட்டுப் பூக்களும் திமிங்கிலங்களும் உண்டு, ஆனால் நீந்தத் தண்ணீர் குளிரும். மே முதல் ஆகஸ்ட் வரை மழை வெளுத்து வாங்கும். நவம்பர் கடைசியில் டன்ஸ்பரோவில் அறை தேடாதீர்கள்: பள்ளி இறுதித் தேர்வு முடித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டாட வருவார்கள்.

நாளை எப்படி அடுக்குவது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. கோடையில் (இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) காலை வேளை நிலத்திலிருந்து கடலை நோக்கிக் கிழக்குக் காற்று வீசும். மேற்குக் கடற்கரைகளில் நீர் கண்ணாடியாக இருக்கும். உச்சி வேளைக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து கடல்காற்று எழும். மூன்று மணிக்கு அதே கடற்கரையில் மணல் முகத்தில் அறையும். ஆக மேற்குக் கடற்கரைகள் காலை பத்து மணி வரை. பதினொன்று முதல் ஒயினும் சாப்பாடும். ஒயின் குடிக்காதவர்களுக்கு மாலையில் மறுபடி கடல் வேண்டும் என்றால் வடக்கு முனையில் மீலப், ஈகிள் பே, பங்கர் பே. இவை ஜியோகிராஃப் விரிகுடாவைப் பார்த்து இருப்பதால், மேட்டு நிலமே தென்மேற்குக் காற்றைத் தடுத்துவிடும். மீலப்பில் மணலை ஒட்டியே மர நிழல் இருக்கிறது, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் வட்டாரத்தில் இல்லை. குடித்த பிறகு நீந்தாதீர்கள் என்ற ஒன்றுக்காகவே கூட இந்த வரிசை சரி.

மேற்குக் கரையில் இடத்துக்கு இடம் நிலைமை வேறு. யாலிங்கப்பில் பாறைத்திட்டுக்கு உள்ளே அடங்கிய நீர்த்தேக்கம் போன்ற பகுதி உண்டு, அலை சிறிதாக இருக்கும் நாளில் முகமூடி போட்டு மீன் பார்க்கலாம். அதைத் தாண்டினால் இழுப்பு நீரோட்டம் பிடிக்கும். பிரெவெல்லியின் சர்ஃபர்ஸ் பாயின்ட் உலகத் தரமான அலைச்சறுக்குப் போட்டி நடக்கும் இடம். வேடிக்கை பார்க்க வேண்டியது, நீந்த அல்ல. கீழே ஆழமில்லாத பாறை. அதன் அருகே ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் கோடையில் மணல் திட்டால் அடைபட்டு நிற்கும், சிறு பிள்ளைகள் கால் நனைக்க அதுதான் தோது.

இஞ்சிடப் இயற்கை ஸ்பாவைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்: பாறைகளுக்கு நடுவே நுரை கொட்டும் குளம். படத்தில் வருவது அமைதியான நாள். பெரிய அலை வரும் நாளில் அதே பாறையின் மேலாக ஒரு முழு அலை விழும், உள்ளே இருப்பவரைக் கல்லில் மோதும். போகும் முன் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் என்றால் மேலே நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கனால் ராக்ஸ் நடைபாலத்துக்கும் இதுவே பொருந்தும். சுண்ணாம்புப் பாறை முகடுகளுக்குக் கீழே நிழலுக்காக உட்காராதீர்கள். 1996இல் கிரேஸ்டவுனில் அப்படி ஒரு முகடு சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். எச்சரிக்கைப் பலகைகள் சும்மா நட்டவை அல்ல. சுறா நடமாட்டத்துக்கு மாநில அரசின் ஷார்க்ஸ்மார்ட் தளத்தைக் காலையில் ஒருமுறை பார்த்தால் போதும்.

தெற்கே ஹாமலின் பே. படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில், திருக்கை மீன்கள் கரையோடு வந்து போகும். வயிற்றை மணலில் உரசாத குறையாக, ஓரங்களை மட்டும் சுருட்டி விரித்துக்கொண்டு, உங்கள் காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நகரும். சில திருக்கைகள் சாப்பாட்டு மேசை அகலம். வாலடியில் முள் உண்டு. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால், மறைந்திருக்கும் மீன் விலகிப் போய்விடும். தொடாதீர்கள், தீனி போடாதீர்கள். காலை நேரம் நல்லது; பதினொரு மணிக்கு மேல் பேருந்துகள் வந்துவிடும்.

இனி ஒயின். இங்கே திராட்சை விளையும் என்பதை 1960களின் நடுவில் எழுதிக் காட்டியவர் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிஞர். மூன்று பக்கமும் கடல் இருப்பதால் உறைபனி இல்லை, வெப்பம் திடீரென்று ஏறி இறங்குவதில்லை, கோடையில் மழை குறைவு, பிரான்சின் போர்தோவுக்கு நெருக்கமான பருவநிலை என்பது அவர் வாதம். அதை நம்பி 1967இல் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தை நட்டவர் டாம் கல்லிட்டி. அவர் மருத்துவர். அடுத்தடுத்து வந்தவர்களிலும் மருத்துவர்கள் அதிகம், ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். வாஸ் ஃபீலிக்ஸ் புட்டியில் இருக்கும் வல்லூறுக்கும் கதை உண்டு: பழம் தின்னும் சிறு பறவைகளை விரட்டக் கல்லிட்டி ஒரு வல்லூறு கொண்டுவந்தார், அவிழ்த்துவிட்டதும் அது பறந்தே போய்விட்டது. அந்தச் சிறு பறவை, சில்வர்ஐ, இன்றும் தலைவலிதான். மாரி என்ற உள்ளூர்க் காட்டு மரம் நன்றாகப் பூத்த ஆண்டில் அது தேன் குடித்துக்கொண்டு திராட்சையை விட்டுவிடும்; பூக்காத ஆண்டில் தோட்டத்தில் இறங்கிவிடும். அதனால்தான் அறுவடைக்கு முன் கொடிவரிசை முழுக்க வெள்ளை வலை போர்த்தியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

எதைச் சுவைப்பது? மூன்றே மூன்று. ஒன்று, செமியோன், சோவின்யோன் பிளாங்க் கலந்த வெள்ளை ஒயின். பச்சைப் புல், எலுமிச்சை வாசம், நறுக்கென்ற புளிப்பு, விலையும் குறைவு. மதியச் சாப்பாட்டுக்கு இதுவே போதும். இரண்டு, ஷார்டனே. இங்கே பரவலாக இருப்பது ஜின்ஜின் வகைக் கொடி. அதன் குலையைக் கையில் வாங்கிப் பாருங்கள்: பெரிய பழத்துக்கு நடுவே மிளகு அளவில் குட்டிப் பழங்கள். சாற்றோடு ஒப்பிட்டால் தோல் அதிகம் என்பதால் சுவை அடர்த்தி, புளிப்பும் நிற்கும். மூன்று, கேபர்னே சோவின்யோன். பிளாக்கரன்ட் பழம், பிரிஞ்சி இலை வாசம், மாவு மாதிரி மெல்லிய துவர்ப்பு. இளசாக இருக்கும்போது வாயை இறுக்கும். அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், பழைய ஆண்டுப் புட்டி ஊற்றுவார்களா என்று கேளுங்கள். சில கூடங்களில் கூடுதல் கட்டணத்துக்குக் கிடைக்கும்.

ஒரு நாளைக்கு மூன்று கூடம், அதற்கு மேல் வேண்டாம். நான்காவதில் நாக்கு மரத்துப்போய்விடும், எல்லா ஷார்டனேயும் ஒரே ஷார்டனே ஆகிவிடும். வடக்கு நாளில் வில்யாப்ரப்பில் வாஸ் ஃபீலிக்ஸும் கல்லனும் அருகருகே இருக்கின்றன. கல்லன் பயோடைனமிக் முறையில் (ரசாயனம் தவிர்த்து, நிலவின் நாட்காட்டி பார்த்து) பயிர் செய்யும் தோட்டம், தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவதில் அக்கறை. மாஸ் வுட் வேண்டும் என்றால் முன்பதிவு கட்டாயம். தெற்கு நாளில் ஸ்டீவன்ஸ் ரோட்டில் லூவின் எஸ்டேட், வாயேஜர் எஸ்டேட் இரண்டும், சற்றுத் தள்ளி ஸனாடு. லூவினின் ஆர்ட் சீரிஸ் ஷார்டனே நூறு டாலருக்கு மேல். புட்டிக்குப் படம் வரைந்த மூல ஓவியங்கள் கீழே காட்சிக்கூடத்தில் இருக்கின்றன, அதைப் பார்க்காமல் வராதீர்கள். கைக்கு அடக்கமாக வேண்டுமானால் லூவினில் பிரிலூட், வாஸ் ஃபீலிக்ஸில் ஃபிலியஸ். பெரிய பெயரில் பாதித் தரமல்ல இவை, அன்றாடம் குடிக்க இவைதான் பொருத்தம். வாயேஜரின் வெள்ளைக் கட்டடமும் ரோஜாத் தோட்டமும் கொஞ்சம் கல்யாண மண்டபக் களை, ஆனால் ஒயினில் குறையில்லை.

சுவைக்கக் கட்டணம் உண்டு. புட்டி வாங்கினால் பல இடங்களில் கழித்துக்கொள்வார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் முன்பதிவு. அத்தர், சென்ட் பூசிக்கொண்டு போனால் உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் வாசம் கெடும்.

கார் ஓட்டுபவர் கவனிக்க வேண்டிய கணக்கு இது. ஆஸ்திரேலியாவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 10 கிராம் ஆல்கஹால். 13.5 சதவீத ஒயின் 30 மில்லியில் சுமார் 3.2 கிராம். ஆறு வகை சுவைத்தால் ஏறத்தாழ இரண்டு டிரிங்க், அதுவும் ஒரே கூடத்தில். ரத்தத்தில் ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பு 0.05 சதவீதம், சாலையில் நிறுத்தி ஊதச் சொல்வது சகஜம். துப்பும் பாத்திரம் எல்லா மேசையிலும் இருக்கிறது, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அல்லது ஒரு நாளுக்கு உள்ளூர்ச் சுற்றுலா வேனில் ஏறிவிடுங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போகப் பொதுப் பேருந்து கிடையாது, வாடகைக் காரும் கூப்பிட்டதும் வராது.

இருட்டும் முன் அறைக்குத் திரும்புவது வெறும் அறிவுரை இல்லை. பொழுது சாயும்போது கங்காரு சாலைக்கு வரும். ஒன்று தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், பின்னால் இன்னொன்று வரும். குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்கலாம், ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது. மரத்தில் மோதுவது கங்காருவில் மோதுவதைவிட மோசம். வாடகை ஒப்பந்தத்தில் இரவு ஓட்டம் பற்றிய வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சாப்பாட்டில்தான் அரை மதிப்பெண் குறைத்தோம். தோட்ட உணவகங்கள் பெரும்பாலும் மதியம் மட்டுமே, சில இடங்களில் பல வகை கொண்ட ஒரே விருந்துப் பட்டியல்தான், சனி ஞாயிறு முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் வறுத்த காய்கறித் தட்டோடு முடியும். அசைவத்தில் உள்ளூர் நன்னீர்ச் சிங்கி இறாலான மாரன் கிடைத்தால் விடாதீர்கள். வாரநாள் இரவுகளில் ஊர்க் கடைகள் சீக்கிரம் மூடும். சனிக்கிழமை காலை மார்கரெட் ரிவர் ஊரில் உழவர் சந்தை உண்டு: ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிவைத்தால் இரண்டு வேளைக் கவலை தீரும்.

மற்றவை சுருக்கமாக. குகைகளில் ஒன்றே பார்ப்பதென்றால் லேக் கேவ். முந்நூறுக்கும் மேற்பட்ட படி இறங்கி அதே படியில் ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் மேமத் கேவுக்குப் போகலாம். கடலுக்குள் நீளும் பஸ்ஸல்டன் மரப்பாலம் 1,841 மீட்டர், போகும்போது ரயில், வரும்போது நடை. கேப் லூவின் கலங்கரை விளக்கம் 1896இலிருந்து எரிகிறது. அங்கே காற்று தொப்பியைப் பிடுங்கும். போரனப் காட்டில் கைபேசி சமிக்ஞை நம்ப முடியாது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய புட்டிகளை மூடிய காரில் விட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். கோடையில் ஒரு மணி நேரச் சூடே ஒயினை வேகவைத்துவிடும். ஒரு சிறிய குளிர்ப்பெட்டி போதும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதானால் ஒரே விற்பனையாளரிடம் 300 டாலரோ அதற்கு மேலோ, புறப்படும் முன் 60 நாளுக்குள் வாங்கிய ரசீது இருந்தால் விமான நிலையத்தில் ஜிஎஸ்டியும் ஒயின் வரியும் திரும்பக் கிடைக்கும். ஒயின் வரி மட்டுமே கொடுத்த விலையில் 14.5 சதவீதம். புட்டி பெட்டிக்குள் போகிற பொருள் என்பதால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே எல்லைப் படை அலுவலரிடம் காட்டி ரசீதில் முத்திரை வாங்க வேண்டும். ஒப்படைத்த பிறகு போய் நின்றால் ஒரு காசும் கிடைக்காது.