தினமும் கால் மணி நேரமா, ஞாயிறு முழுக்கவா?

நாற்காலியில் துவைத்த துணி, சிங்கில் நேற்றைய குக்கர், ஃப்ரிட்ஜ் மேல் மாத்திரை அட்டையும் கரண்ட் பில்லும். வீட்டை ஒழுங்குபடுத்த எங்கே தொடங்குவதென்று மலைத்து நிற்பவர்கள் கடைசியில் இந்த இரண்டு வழியில்தான் வந்து நிற்கிறார்கள்: தினமும் கால் மணி நேரம், அல்லது ஒரு ஞாயிறு முழுக்க.

நேரம்
கால் மணி: போனில் அலாரம் வைத்து, அடித்ததும் நிறுத்திவிடலாம்.
ஞாயிறு: மதியச் சாப்பாடு ஹோட்டலில்தான்.

தெம்பு
கால் மணி: சோர்ந்த நாளிலும் முடியும். சிங்கிலிருந்து தொடங்குங்கள். சாம்பார் காய்ந்து ஒட்டிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, அது ஊறும்வரை துணி மடிக்கலாம். பனியன், உள்பாவாடையை மடிக்கவே வேண்டாம். கூடையில் போட்டால் போதும். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?
ஞாயிறு: இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாதியில் விட்டால் கட்டில் முழுக்கச் சாமான், படுக்கவும் இடமிருக்காது.

பலன்
கால் மணி: அன்றாடக் குப்பை சேராது. ஆனால் பரண் பக்கம் கை போகவே போகாது.
ஞாயிறு: பரணும் பீரோவும் காலியாகும், பழைய பேப்பர்காரருக்கும் வேலை. புதன்கிழமைக்குள் அந்த நாற்காலி மறுபடி நிறைந்துவிடும்.

துணை
கால் மணி: தனியாளே போதும்.
ஞாயிறு: தூக்கி இறக்க ஆள் வேண்டும்.

கைக்குழந்தை, ராத்திரி ஷிஃப்ட், எதிலும் பிடிப்பில்லாத மனசு என்றால் கால் மணியே சரி. வீடு மாற்றுகிறீர்கள், போகி வருகிறது, வீட்டில் இன்னும் இரண்டு பேர் கைகொடுப்பார்கள் என்றால் ஞாயிறு. வாரக்கணக்கில் எழுந்திருக்கவே மனசு வரவில்லையா? அப்போது முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை, பாத்திரம் காத்திருக்கட்டும்.