அல்டிமேட்டா, அப்சல்யூட்டா: எதைக் கையில் எடுப்பது?

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் படிக்கிற நாலு பேர் சேர்ந்தால், பேச்சு இப்போது இரண்டு வரிசைகளில்தான் வந்து நிற்கிறது. ஒன்று மார்வெலின் புதிய அல்டிமேட், இன்னொன்று டிசியின் அப்சல்யூட். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே யோசனைதான்: தெரிந்த நாயகர்கள், புத்தம் புதிய உலகம், 1-ஆம் இதழிலிருந்து தொடக்கம். பல பத்தாண்டுக் கதைகளை மனப்பாடம் செய்துவிட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் "எங்கே ஆரம்பிக்கலாம்?" என்று யார் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றைக் கைகாட்டுகிறார்கள். எதைக் கைகாட்டுவது என்பதில்தான் சண்டையே.

இரண்டையும் தொடர்ந்து படித்து வருகிறவன் என்ற முறையில் எனக்குப் படுவது இது: அல்டிமேட் நாயகனுக்குத் தன்னிடமிருந்து எது பறிபோனது என்று தெரியும். அப்சல்யூட் நாயகனுக்கு அது தெரியவே தெரியாது. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

மார்வெல் பக்கத்தில் கதை இப்படி. மேக்கர் என்கிறவன் வேறொரு உலகத்து ரீட் ரிச்சர்ட்ஸ் (ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் தலைவன்), கெட்டுப்போன மேதை. அவன் ஒரு உலகத்தின் வரலாற்றுக்குள் நுழைந்து, நாயகர்கள் உருவாகக் காரணமான சம்பவங்களை ஒவ்வொன்றாக நடக்கவிடாமல் செய்துவிடுகிறான். சிலந்தி கடிக்க வேண்டியவனைச் சிலந்தி கடிக்கவில்லை. டிசி பக்கத்தில் டார்க்சைட் என்ற தீய சக்தியின் ஆற்றலிலிருந்து ஒரு உலகமே பிறக்கிறது. அங்கே நாயகர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களைத் தாங்கிப் பிடித்தது எதுவும் இல்லை. பேட்மேனுக்குப் பணம் இல்லை. வொண்டர் வுமனுக்குத் தீவு இல்லை, சகோதரிகள் இல்லை. ஒருவன் திருடினான், இன்னொருவன் மண்ணையே விஷமாக்கிவிட்டான்.

ஸ்பைடர்மேனிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அல்டிமேட் வரிசைக்குக் கூட்டம் சேர்த்ததே அந்தத் தொடர்தான். 2024 ஜனவரியில் வந்தது. எழுத்து ஜோனதன் ஹிக்மன், ஓவியம் மார்கோ கெக்கெட்டோ. இதே பெயரில் மார்வெல் முன்பு நடத்திய பழைய அல்டிமேட் உலகத்துக்கு 2015-இல் மூடுவிழா நடத்திய கதையை எழுதியவரும் இதே ஹிக்மன்தான் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். இடித்தவரே திரும்ப வந்து கட்டியிருக்கிறார். இதில் பீட்டர் பார்க்கர் பள்ளிக்கூடப் பையன் இல்லை. தாடி வைத்த குடும்பஸ்தன். மேரி ஜேன் மனைவி, ரிச்சர்ட், மே என்று இரண்டு பிள்ளைகள். பென் சித்தப்பா உயிரோடு இருக்கிறார். மே சித்திதான் இல்லை. வாழ்க்கையில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனாலும் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்ற உறுத்தல் அவனுக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்போதுதான் இளவயது டோனி ஸ்டார்க்கிடமிருந்து ஒரு சிலந்தியும் ஒரு செய்தியும் வருகின்றன. உனக்கு நடந்திருக்க வேண்டியது இது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்கிறது செய்தி.

முதல் இதழ் முழுக்க இந்த ஒரு முடிவுக்காகத்தான் காத்திருக்கிறது. பழைய கதையில் சிலந்தி கடித்தது ஒரு விபத்து. இங்கே பீட்டர் தானாகக் கையை நீட்டுகிறான். மனைவியும் குழந்தைகளும் இருக்கிற ஒருவன், போனால் எதெல்லாம் போகும் என்று கணக்குப் போடத் தெரிந்த ஒருவன், தெரிந்தே நீட்டுகிறான். இந்த ஒரு மாற்றம் அறுபது ஆண்டுக் கதாபாத்திரத்தை அடியோடு புதுசாக்கிவிடுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது 4-ஆம் இதழ். ஓவியம் டேவிட் மெசினா. பீட்டரும் மேரி ஜேனும், ஹாரி ஆஸ்பர்னும் க்வென்னும் ஒரு உணவக மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இதழ் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு அடிதடி இல்லை. ஆனால் மேஜைக்குக் குறுக்கே போகிற பார்வைகளிலும், ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தில் வந்துபோகிற மாற்றத்திலும் இருக்கிற பதற்றம் எந்தச் சண்டைக் காட்சியிலும் இல்லை. "ஸ்பைடர்மேன் இதழில் ஸ்பைடர்மேன் எங்கே?" என்று அந்த இதழ் வந்தபோது குறைபட்டவர்கள் உண்டு. எனக்கு அது அந்தத் தொடரின் உச்சம்.

இப்போது பேட்மேன். 2024 அக்டோபர், ஸ்காட் ஸ்னைடர் எழுத்து, நிக் ட்ரகோட்டா ஓவியம். புரூஸ் வெய்ன் இங்கே சாதாரண வீட்டுப் பிள்ளை. அப்பா தாமஸ் ஆசிரியர். மாணவர்களை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போன நாளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவர் இறந்துபோகிறார். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார், நகர நிர்வாகத்தில் வேலை பார்க்கிறார். மாளிகை கிடையாது. வெய்ன் மாளிகையின் பணியாளராக நமக்குத் தெரிந்த ஆல்ஃபிரட் இங்கே சமையலறையிலிருந்து வருகிறவர் இல்லை. உளவுத்துறை ஆள், புரூஸை வேவு பார்க்க வந்தவர். முதல் கதையை அவர் குரலில்தான் கேட்கிறோம். எல்லாவற்றையும்விட முக்கியம், நமக்குப் பழக்கமான வில்லன்கள் பலர் இங்கே புரூஸின் பால்ய சிநேகிதர்கள். ஆஸ்வால்ட், ஹார்வி, எட்வர்ட், வேலன் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றிச் சீட்டாடுகிறார்கள். அந்தக் காட்சியை நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. இவர்கள் யாராகப் போகிறார்கள் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

ட்ரகோட்டாவின் பேட்மேன் ஒரு கட்டடம் மாதிரி இருக்கிறான். தோள் பக்கத்தின் ஓரத்தைத் தொடுகிறது. நெஞ்சில் இருக்கிற வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடரித் தலை. இது வெறும் பிரம்மாண்டம், குழந்தைத்தனம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். சின்னச் சின்னக் கட்டங்களாக அடுக்கிக்கொண்டே வந்து, திடீரென்று முழுப் பக்கத்துக்கு அந்த உருவத்தைத் திறந்துவிடுகிறார். பக்கத்தைத் திருப்புகிற கை ஒரு நொடி நின்றுவிடும். ஃபிராங்க் மார்ட்டினின் வண்ணம் அந்த இடத்தில் தீயாக வேலை செய்கிறது. அதோடு புரூஸ் நகரத்தின் கட்டுமானப் பொறியாளன். எந்தப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்தவன் சண்டை போடுகிற விதமே வேறு. பணக்கார பேட்மேனுக்குக் கருவிகள் பெட்டியில் வந்து இறங்கும். இவன் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியிருக்கிறது.

சரி, இரண்டில் எது மேல்? கதாபாத்திரத்தின் ஆழத்தில் ஸ்பைடர்மேன். இதழுக்கு இதழ் இழுத்துப் போகிற வேகத்தில் பேட்மேன். ஆனால் இரண்டுக்கும் ஒவ்வொரு நோய் இருக்கிறது. ஸ்பைடர்மேனுக்குக் கடிகாரம். அல்டிமேட் வரிசையில் நிஜத்தில் ஒரு மாதம் கழிந்தால் கதையிலும் ஒரு மாதம் கழியும். மேக்கர் தன் நகரத்துக்குள் பூட்டப்பட்டிருக்கிறான், இரண்டு ஆண்டில் வெளியே வருவான் என்பது கெடு. கேட்க அருமையான யோசனை. ஆனால் ஒரு இதழ் உச்சக்கட்டத்தில் முடிந்தால் அடுத்த இதழ் ஒரு மாதம் தள்ளித் தொடங்குகிறது. நடுவில் நடந்ததை யாராவது வாயால் சொல்லக் கேட்க வேண்டியிருக்கிறது. க்ரேவன் என்ற வில்லன் வருகிற பகுதியில் இது எனக்கு ரொம்பவே உறுத்தியது. பேட்மேனின் நோய் அளவுமீறல். பேன் என்ற வில்லன் வந்த பிறகு அந்த நண்பர்கள் மேல் விழுகிற அடிகள் அடுக்கிக்கொண்டே போகின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் மனசு மரத்துவிடுகிறது. ஸ்னைடருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதது இல்லை. 2011 முதல் ஐந்து ஆண்டுகள் பேட்மேனை எழுதியவர் அவர். இங்கே வேண்டுமென்றே நிறுத்த மறுக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம் வொண்டர் வுமன். என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டால் நான் நீட்டுவது இதைத்தான். கெல்லி தாம்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் ஓவியம், ஜோர்டி பெலெய்ர் வண்ணம். 2025-இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருது (காமிக்ஸ் துறையின் முக்கிய விருது) இதற்குத்தான் கிடைத்தது. வொண்டர் வுமனான டயானா நரகத்தில் வளர்கிறாள். கிரேக்கக் கடவுள் அப்பல்லோ கைக்குழந்தையான அவளைக் கொண்டுவந்து, நரகத்தில் தண்டனை அனுபவிக்கிற சூனியக்காரி சர்சியிடம் தள்ளிவிட்டுப் போகிறான். அவள் பிறந்த வீரப் பெண்களின் இனமான அமேசான் என்ற சொல்லைக்கூட அந்தக் குழந்தையிடம் உச்சரிக்கக் கூடாது. சர்சி அவளை விரும்பி எடுத்து வளர்க்கவில்லை. வளர்க்க வளர்க்க விரும்பத் தொடங்குகிறாள். இந்தத் தாய்–மகள் உறவுதான் தொடரின் உயிர்.

கதையில் ஒரு இடம். ஸ்டீவ் ட்ரெவர் நரகத்தில் வந்து மாட்டிக்கொள்கிறான். அவனைத் திரும்ப மேலே அனுப்ப ஒரு சடங்கு வேண்டும், சடங்குக்கு ஒரு விலை வேண்டும். டயானா தன் கையைக் கொடுக்கிறாள். கொஞ்ச நாள் பழகிய ஒருவனுக்காக, கைம்மாறு எதுவும் கேட்காமல். அதற்குப் பிறகு அவள் எந்தப் பக்கத்தில் வந்தாலும் நம் கண் அந்தக் கைக்குப் போகிறது, யாரும் நினைவுபடுத்தாமலே. நான் மேலே சொன்ன வித்தியாசம் இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. சொர்க்கம் மாதிரியான ஒரு தீவு தனக்கு உரியது என்று டயானாவுக்குத் தெரியாது. ஏங்கவும் அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய நல்ல குணம் எந்த நினைவிலிருந்தும் வரவில்லை, எந்த வாரிசுரிமையிலிருந்தும் வரவில்லை. பீட்டருக்கு ஒரு செய்தி வர வேண்டியிருந்தது. டயானாவுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. அதனாலேயே அவள் எனக்கு ஒரு படி மேலே தெரிகிறாள்.

டயானா பெரிய வாளோடும் எலும்புக் குதிரையோடும் பூமிக்கு வந்து இறங்கும்போது பார்க்கப் பயங்கரமாக இருக்கிறாள், பேசும்போது அவ்வளவு மென்மையாகப் பேசுகிறாள். இந்த முரணை ஷெர்மன் ஒவ்வொரு பக்கத்திலும் கவனமாகக் காப்பாற்றுகிறார்.

இரு பக்கமும் கால் வைத்திருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமை பெறாது. டெனிஸ் கேம்ப். மார்வெலில் ஹுவான் ஃப்ரிஜெரியோடு தி அல்டிமேட்ஸ், டிசியில் ஹாவியர் ரோட்ரிகஸோடு அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர். ஒரே ஆள் இரண்டு வீட்டிலும் எப்படிச் சமைக்கிறார் என்று பார்ப்பதே தனிச் சுவை. தி அல்டிமேட்ஸ் ஒரு கூட்டத்தின் கதை. திருடப்பட்ட வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்க டோனி ஸ்டார்க் ஒவ்வொருவருக்கும் பெட்டி அனுப்புகிறான். சிலர் ஏற்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். வில்வீரன் ஹாக்ஐ ஆக வேண்டிய கிளின்ட் பார்ட்டன் வேண்டாம் என்று எறிந்த வில்லை, லகோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தைச் சேர்ந்த சார்லி ராம்சி எடுத்துக்கொண்டு ஹாக்ஐ ஆகிற கதை இந்த வரிசையின் மிகச் சிறந்த சிந்தனைகளில் ஒன்று. உரியவருக்கு வேண்டாம் என்றால் தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். காமா குண்டுச் சோதனையில் சிதைந்த பசிபிக் தீவிலிருந்து வருகிற ஷீ-ஹல்க்கும் அப்படித்தான். கோபம் அவளுடைய தனிச்சொத்து இல்லை, ஒரு தீவே சேர்த்து வைத்தது.

குறை என்னவென்றால், பாத்திரங்கள் அதிகம், இடம் குறைவு. ஒரு முழுத் தொகுப்புக்குத் தாங்கும் விஷயத்தை ஒரே இதழில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். மார்ஷியன் மேன்ஹன்டரில் அதற்கு நேர்மாறு. ஒரே ஒரு மனிதன், ஜான் ஜோன்ஸ், எஃப்பிஐ அதிகாரி. ஒரு குண்டுவெடிப்பில் பிழைத்த பிறகு அவன் தலைக்குள் ஒரு செவ்வாய்க்காரன் குடிவருகிறான். அடுத்தவர் எண்ணங்கள் அவன் கண்ணுக்கு வண்ணப் புகையாகத் தெரிகின்றன. ரோட்ரிகஸ் வரைந்திருக்கிற அந்தப் புகையை எந்த எழுத்தாளராலும் சொற்களில் கொண்டுவர முடியாது. வீட்டுக்குப் போனால் மனைவியோடு மனத்தாங்கல், மகனோடு பேச நேரமில்லை. எல்லோர் மனசையும் படிக்கத் தெரிந்தவன் தன் வீட்டில் தடுமாறுகிறான். கேம்ப் எழுதியதில் இதைத்தான் முன்னால் வைப்பேன். முதலில் ஆறு இதழ்களாக அறிவிக்கப்பட்டு, வரவேற்பைப் பார்த்துப் பன்னிரண்டாக நீட்டியதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

மற்றவை சுருக்கமாக. பீச் மொமோகோ எழுதி வரைந்த அல்டிமேட் எக்ஸ்-மென் ஜப்பானியப் பள்ளி மாணவிகளின் பேய்க்கதை. நீர்வண்ணம் அழகு, கதை அவசரப்படாது. எக்ஸ்-மென்னை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ரசிப்பீர்கள். அப்சல்யூட் சூப்பர்மேனில் ஜேசன் ஆரனும் ராஃபா சாண்டோவலும் சூப்பர்மேன் பிறந்த கிரகமான கிரிப்டானை உழைக்கும் வர்க்கத்தின் பக்கம் நின்று காட்டுவது துணிச்சல். பூமியில் நடக்கிற பகுதி எனக்கு அந்த அளவு ஒட்டவில்லை.

கடைசியில் நடைமுறை விஷயம் ஒன்று. அல்டிமேட் உலகத்தை 2026-இல் முடித்துவிடுவதாக மார்வெல் 2025-இலேயே அறிவித்துவிட்டது. விற்றுக்கொண்டிருக்கிற ஒரு வரிசையை முடிக்கிற தைரியம் இந்தத் துறையில் அபூர்வம், அதற்காகவே அதை மதிக்கிறேன். ஆகவே தொடக்கம், நடு, முடிவு என்று ஒரு கதையை முழுசாகப் படிக்க விரும்புகிறவர்கள், மாதாமாதம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள், ஸ்பைடர்மேன் தொகுப்புகளில் தொடங்கி தி அல்டிமேட்ஸுக்குப் போகலாம். ஒரு மாத இடைவெளி என்ற உறுத்தலும் தொகுப்பாகப் படிக்கும்போது பாதி குறைந்துவிடும். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு பீட்டரைப் பார்த்தால் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

காத்திருப்பதே சுகம் என்பவர்கள் அப்சல்யூட் பக்கம் வரலாம். முதலில் வொண்டர் வுமன், அப்புறம் மார்ஷியன் மேன்ஹன்டர், பிறகு பேட்மேன். மார்ஷியன் மேன்ஹன்டரை மட்டும் தயவுசெய்து அச்சுப் பிரதியில் படியுங்கள். அதில் ஒரு பக்கத்தை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பின்பக்கம் அச்சாகியிருப்பது ஊடே தெரிந்து, அந்தக் கணத்தில் ஜான் பார்ப்பதை நாமும் பார்ப்போம். திரையில் படித்தால் அந்தப் பக்கத்தின் வேலை நடக்காது.