கருகியது எது: பேப்பர் கிளிப் சொல்லுமா, மல்டிமீட்டர் சொல்லுமா?

புதிதாகப் பூட்டிய கணினி உயிர் பெறவில்லை, கருகல் வாடை வேறு. பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளை கேபிள்கள் எல்லாவற்றையும் பாகங்களிலிருந்து கழற்றுங்கள்.

பேப்பர் கிளிப்: மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில், கிளிப்பால் பச்சை வயரையும் (எல்லாமே கறுப்பென்றால் 16ஆவது பின்) கிரவுண்டையும் (கறுப்பு வயர்; எல்லாமே கறுப்பென்றால் 17ஆவது பின்) இணைத்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். ஃபேன் சுற்றினால் சப்ளை கிளம்புகிறது, அவ்வளவுதான். லோடு (மின்சாரம் இழுக்கும் பாகங்கள்) இல்லாதபோது ஃபேனை நிறுத்திவைக்கும் மாடல்களில் சுற்றாததும் சாட்சியல்ல.

மல்டிமீட்டர்: அதே கிளிப்போடு, கிரவுண்டை வைத்து அளந்தால் மஞ்சள் வயரில் 11.4–12.6, சிவப்பில் 4.75–5.25, ஆரஞ்சில் 3.14–3.47 வோல்ட் வரவேண்டும். லோடு ஏறியதும் சரியும் சப்ளை இதிலும் தப்பிவிடும். ஆனால் மதர்போர்டையும் இதனால் சோதிக்கலாம்: மின்சாரமில்லாமல், சிபியுவுக்கான 8 பின் பவர் சாக்கெட்டில் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 0 ஓம் என்றால் மாஸ்ஃபெட் (சிபியுவுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுவிட்ச்) ஷார்ட் ஆகியிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த போர்டில் புது சப்ளையைச் செருகிப் பார்க்காதீர்கள்.