அசல் உத்தாரா, பசந்தரா: எதை முதலில் படிப்பது?

இந்திய–பாகிஸ்தான் டாங்கிப் போர்களில் எதிலிருந்து தொடங்குவது என்று குழம்புபவர்களுக்கு இது.

இடம்: அசல் உத்தார் (செப்டம்பர் 1965) பஞ்சாபின் கேம்கரண் அருகே. பசந்தர் (டிசம்பர் 1971) ஷகர்கர் பகுதியில். ஜம்முவையும் பதான்கோட்டையும் இணைக்கும் சாலைக்குப் பக்கத்தில் பாகிஸ்தான் எல்லை துருத்திக்கொண்டிருக்கும் இடம்.

நிலம்: அசல் உத்தாரில் வயல்களில் தண்ணீர் பாய்ச்சி, கரும்புக்குள் இந்திய டாங்கிகள் குதிரை லாட வடிவில் காத்திருந்தன, பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கின. பசந்தரில் கண்ணிவெடி வயலும் ஆறும். பொறியாளர்கள் கண்ணிவெடிகளை முழுதாக அகற்றும் முன்பே இந்தியாவின் பூனா ஹார்ஸ் படையின் செஞ்சூரியன் டாங்கிகள் துணிந்து கடந்தன. படிக்கும்போதே பதைபதைக்கும் கட்டம் அது.

வீரர்கள்: அசல் உத்தாரில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் டாங்கிகளை வீழ்த்திய அப்துல் ஹமீத். பசந்தரில் தீப்பற்றிய டாங்கியை விட்டு இறங்க மறுத்த 21 வயது அருண் கேதர்பால். இருவருக்கும் மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா.

பாட்டன் உயர்ந்த டாங்கி என்ற பேச்சை மட்டும் வைத்து 1965-ஐ அளக்காதீர்கள். நிலத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் அங்கே பெரிய விஷயம்.

சரி, தற்காப்பு உத்தி புரிய வேண்டுமா? அசல் உத்தார். தடைகளைத் தாண்டித் தாக்குவது எப்படி என்று பார்க்க பசந்தர். புதியவர்கள் 1965-லிருந்தே தொடங்கலாம், வரைபடம் எளிது.