பிரில்லாவா, டிங்கர் பெல்லா?

தன் திறமை எது என்று தேடும் தேவதைக் கதை டிஸ்னியிடம் இரண்டு உண்டு. ஒன்று, 2008-இல் வந்த 'டிங்கர் பெல்' அனிமேஷன் படம். அதில் டிங்கர் பெல்லின் திறமை அவள் தேவதை உலகுக்கு வந்த அன்றே தெரிந்துவிடுகிறது: பொருள்களைச் செய்வது, பழுதுபார்ப்பது. அது பிடிக்காமல் தண்ணீர், ஒளி, விலங்கு என்று மற்றவர்களின் வேலையில் புகுந்து சொதப்புகிறாள். கலகலப்பு, அவ்வளவுதான்.

இன்னொன்று கெயில் கார்சன் லெவின் 2005-இல் எழுதிய 'ஃபேரி டஸ்ட் அண்ட் த குவெஸ்ட் ஃபார் தி எக்'. இதில் வரும் பிரில்லாவுக்குத் தன் திறமை என்னவென்றே தெரியாது. தேவதைகள் வாழும் நெவர் லேண்ட் தீவில் அது பெரிய சங்கடம். ஆனால் அவளால் நொடியில் மனிதக் குழந்தைகளிடம் போய்வர முடிகிறது. அதுவே திறமை என்று யாருக்கும் உறைப்பதில்லை. அதுவரை வேறு எவருக்கும் அது வாய்த்ததில்லையே! பள்ளியின் பரிசுப் பட்டியலில் அடங்காத குழந்தைகளுக்கு இவள்தான் தோழி. டேவிட் கிறிஸ்டியானாவின் நீர்வண்ண ஓவியங்களுக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

ஒன்று மட்டும்: புத்தகத்தில் ராணி என்ற நீர்த் தேவதை நீந்துவதற்காகச் சிறகுகளையே இழக்கும் இடம் சின்னக் குழந்தைகளுக்குக் கனம். சரி, ஐந்து வயதுக்குப் படத்தைப் போடுங்கள். எட்டு வயதுக்குப் புத்தகம், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து.